பறக்க பயந்த பறவை

போன வாரம் நடுராத்திரி, பில்ட் முடியறதுக்காக கொட்டாவி விட்டுட்டு உட்கார்ந்திருந்தப்போ 'எய்ட் மைல்ஸ் ஹை' பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பேர்ட்ஸ் குழுவோட பாட்டு. அதுக்குப் பின்னாடி இருக்கற கதையை யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும். மாட்டினது நீங்க :-)

1964-ல லாஸ் ஏஞ்சலஸ்ல சேர்ந்தாங்க. ரோஜர் மெக்குவின் (அப்போ பேரு ஜிம்), ஜீன் க்ளார்க், டேவிட் க்ராஸ்பி மூணு பேரும் நாட்டுப்புறப் பாட்டு பாடிட்டு இருந்தவங்க. பீட்டில்ஸைக் கேட்டதும் புத்தி மாறிடுச்சு. பீட்டில்ஸ் படத்துல ஜார்ஜ் ஹாரிசன் கையில பார்த்த பன்னெண்டு கம்பி ரிக்கன்பேக்கர் எலெக்ட்ரிக் கிடாரை மெக்குவினும் வாங்கிட்டார். அப்புறம் பேஸுக்கு க்ரிஸ் ஹில்மன், டிரம்ஸுக்கு மைக்கேல் க்ளார்க் (ஜீனுக்கு சொந்தமெல்லாம் இல்லீங்க).

பாப் டிலனோட 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டுல நாலு சரணத்துல ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு ரேடியோவுக்குத் தகுந்த மாதிரி சுருக்கினாங்க. 1965 ஜூன்ல அமெரிக்காவுல முதலிடம். இதுல ஒரு ரகசியம்: அந்த ரெக்கார்டுல வாசிச்ச பேர்ட்ஸ் மெக்குவின் ஒருத்தர்தான். மத்த வாத்தியமெல்லாம் கூலிக்கு வந்த ஸ்டுடியோ கலைஞர்கள். அவுட்சோர்சிங்குக்கு நாமதான் முன்னோடின்னு நினைச்சுட்டு இருந்தேன்! அதே வருஷக் கடைசியில 'டர்ன் டர்ன் டர்ன்' திரும்பவும் முதலிடம்.

இப்போ ஜீன் க்ளார்க். மேடையில கிடார் மெக்குவினும் க்ராஸ்பியும். இவர் கையில பெரும்பாலும் ஒரு டாம்பரின்தான். ஆனா ஆரம்பத்துல சொந்தப் பாட்டுல பெரும்பாலானது இவர் எழுதினது. ஹிட் பாட்டோட பின்பக்கத்துல இவர் பாட்டு இருந்தாலும் ராயல்டி வரும். மத்தவங்க கையைப் பிசைஞ்சுட்டு இருந்தப்போ இவர் கார் வாங்கினார். புகைச்சல் கிளம்பாம இருக்குமா?

1965 ஆகஸ்ட்ல லண்டனுக்குப் பறந்தாங்க. அந்தப் பயணத்தை வச்சு க்ளார்க் எழுத ஆரம்பிச்சதுதான் 'எய்ட் மைல்ஸ் ஹை'. மெக்குவினும் க்ராஸ்பியும் பங்கு. நிஜமா விமானம் போனது ஆறு ஏழு மைல் உயரம்தான். எட்டுன்னா கேக்க நல்லா இருக்குன்னு மாத்திட்டாங்க. சுற்றுப்பயணத்துல பஸ்ஸுல ஓயாம ஓடினது ரவி சங்கரோட சிதாரும் ஜான் கோல்ட்ரேனோட சாக்ஸபோனும். மெக்குவினோட கிடார்ல அந்த ரெண்டும் தெரியும். காதைத் தீட்டிக்கிட்டு கேளுங்க.

பாட்டு 1966 மார்ச்சுல வெளிவந்தது. கிட்டத்தட்ட அதே நேரம் க்ளார்க் குழுவை விட்டுப் போயிட்டார். காரணம், விமான பயம்! நியூயார்க் கிளம்பற விமானத்துல உட்கார்ந்தவர், உடம்பெல்லாம் நடுங்கி இறங்கிட்டார். வானத்துல பறக்கறதைப் பத்தி எழுதினவர், பறவைன்னு பேர் வச்ச குழுவுல இருந்தவர்... கதையில எழுதியிருந்தா ஓவரா இருக்குன்னு நீங்களே பின்னூட்டம் போட்டிருப்பீங்க.

எனக்கு இது வெறும் விமான பயமா தெரியல. பயம் நிஜம்தான். ஆனா கூட இருக்கறவங்க முறைச்சுட்டே இருந்தா எந்த பயமும் ரெண்டு மடங்காகும். முதல் ஆன்சைட் பயணத்துல பதினாலு மணி நேரம் சீட் கைப்பிடியை விடாம வந்தவன் சொல்றேன், நம்புங்க.

அந்தப் பாட்டு போதைப் பாட்டுன்னு பேராகி நிறைய ரேடியோக்கள் கைவிட்டது. 14-ஆவது இடத்தோட நின்னுடுச்சு. அப்புறம் பேர்ட்ஸுக்கு முதல் பத்துல ஒரு பாட்டும் வரல. 1967-ல க்ராஸ்பியை அனுப்பிட்டாங்க. க்ளார்க்கைத் திரும்பக் கூப்பிட்டாங்க. மூணே வாரம், மறுபடி விமானம், மறுபடி வெளியே. 1968-ல க்ராம் பார்சன்ஸ் வந்து கன்ட்ரி பக்கம் திருப்பினார். 1973 வரைக்கும் ஆள் மாத்தி மாத்தி மெக்குவின் இழுத்துட்டுப் போனார்.

க்ளார்க் 1974-ல 'நோ அதர்'னு தனி ஆல்பம் போட்டார். அப்போ விக்கல. இன்னைக்கு அதைத் தலையில வச்சுக் கொண்டாடறாங்க, ஹும்.

1991 ஜனவரியில ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மரியாதைக்கு அஞ்சு பேரும் ஒரே மேடையில நின்னாங்க. மே 24-ஆம் தேதி க்ளார்க் இறந்துட்டார். வயசு 46.

முதல்ல 'ஐ'ல் ஃபீல் எ ஹோல் லாட் பெட்டர்' கேளுங்க. அவர் எழுதினது, முதலிடம் வந்த பாட்டு எதுவும் எனக்கு அதுக்கு ஈடு இல்ல. சண்டைக்கு வர்றவங்க வரலாம்.