வீட்டிலிருந்து வேலை: முடிக்கும் நேரத்தை முதலில் குறியுங்கள்

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீண்டது. வீட்டிலிருந்து எழுதும் நான், மின்வெட்டு அட்டவணையைப் பார்த்தே அன்றைய வேலைகளைத் திட்டமிட்டேன். மின்சாரம் உள்ளபோது தட்டச்சும் மின்னஞ்சலும். இல்லாதபோது கொப்பியில் அடுத்த கட்டுரைக்கான குறிப்புகள். கட்டுரைகள் நேரத்துக்கு முடிந்தன.

மின்வெட்டு நின்றதும் நிலைமை மாறியது. எப்போதும் எழுதலாம் என்பதால் இரவு 11 மணிக்கும் கணினி முன் இருந்தேன். அம்மா தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

கிடைக்கும் நேரம் முழுவதையும் நிரப்பும்வரை வேலை விரியும் என்று 1955இல் பிரித்தானியரான சிறில் நோர்த்கோட் பார்க்கின்சன் எழுதினார். என் வீட்டில் நடந்ததும் அதுதான்.

இப்போது அட்டவணையை நானே போடுகிறேன். கடினமான எழுத்து வேலை காலையில். 25 நிமிட வேலைக்கு 5 நிமிட ஓய்வு. நான்கு சுற்றுகளுக்குப் பின் நீண்ட ஓய்வு. இது இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில் வகுத்த பொமொடோரோ முறை. அந்த நேரத்தில் தொலைபேசி அடுத்த அறையில் இருக்கும்.

மாலை 6 மணிக்குக் கணினியை மூடிவிடுவேன். கட்டுரை கேட்கும் ஆசிரியர்களிடமும் அந்த நேரத்தைச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் நாளைய வேலையைப் பட்டியலிடுமுன், அதை முடிக்கும் நேரத்தை எழுதிவையுங்கள். இராச்சாப்பாடு இப்போது அம்மாவுடன்தான்.