சாரதியின் கவனமும் சந்தையின் அவசரமும்

வீதியில் ஒரு விபத்து நிகழ்ந்ததும் நாம் முதலிற் கேட்பது, யார் ஓட்டியது என்பதுதான். எத்தனை மணி நேரமாக ஓட்டினான், ஏன் அத்தனை நேரம் ஓட்டினான், ஓட்ட மறுத்திருந்தால் அவனுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்னும் கேள்விகள் பெரும்பாலும் எழுவதில்லை. கவனம், பொறுப்புணர்ச்சி, தொழில் நேர்மை என்பன தனிமனிதக் குணங்கள் என்றும், சிலரிடம் அவை உண்டு, சிலரிடம் இல்லை என்றும் எண்ணிப் பழகிவிட்டோம். இவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமானது என்பதை வரலாற்றின் துணைகொண்டு நோக்குதல் பயனுடைத்து. லொறித் தொழில் மிகப் பெருமளவில் வளர்ந்த ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தை இதற்கு எடுத்துக்கொள்வோம்.

முதலாம் உலகப் போரின் பின் அந்நாட்டில் நெடுஞ்சாலைகள் விரிந்தன. புகையிரதம் சுமந்த சரக்கில் ஒரு பகுதியை லொறிகள் பற்றிக்கொண்டன. 1929இல் பொருளாதார நெருக்கடி மூண்டபோது, வேலையிழந்தோர் பலர் தவணைப் பணத்துக்கு லொறியொன்றை வாங்கி இத்தொழிலில் இறங்கினர். ஆளுக்காள் கூலியைக் குறைத்தனர். குறைந்த கூலியை ஈடுசெய்யக் கூடுதலான மைல்கள் ஓட வேண்டும். கூடுதலான மைல்கள் ஓட உறக்கத்தைக் குறைக்க வேண்டும். சாரதியின் உறக்கமே போட்டியின் முதலீடாயிற்று.

இந்நிலைக்கு எதிரான முதற் பெருங்குரல் 1934இல் மினியாப்பொலிஸ் நகரில் எழுந்தது. 'பிரஜைகள் கூட்டணி' என்ற பெயரில் இயங்கிய முதலாளிகளின் சங்கம், தொழிற்சங்கம் எதுவும் காலூன்றாதபடி அந்நகரை நெடுங்காலம் காத்துவந்தது. சாரதிகளினதும் சுமை ஏற்றி இறக்குவோரினதும் 574ஆம் இலக்கக் கிளைச் சங்கம் அவ்வாண்டில் மும்முறை வேலைநிறுத்தம் செய்தது. ஜூலை 20ஆம் நாள் ஆயுதமற்ற மறியற்காரர்மீது பொலிசார் சுட்டனர். அறுபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர், இருவர் மாண்டனர். எனினும் ஓகஸ்ட் மாதத்தில் முதலாளிகள் சங்கத்தை அங்கீகரிக்க நேர்ந்தது. இப்போராட்டத்தின் தலைவர்களான டன் சகோதரர்களும், கார்ல் ஸ்கோக்லண்டும், ஃபாரல் டொப்சும் ட்ரொட்ஸ்கியவாதிகள். நம் நாட்டு இடதுசாரிகளும் நன்கறிந்த மரபு அது.

அடுத்த ஆண்டில், அதாவது 1935 ஓகஸ்டில், மோட்டார் சுமைகாவிச் சட்டம் நிறைவேறியது. அது உழைப்பாளர்மீது கொண்ட இரக்கத்தால் மட்டும் பிறந்ததன்று. லொறிகளின் போட்டியைக் கண்டு அஞ்சிய புகையிரதக் கம்பனிகளும் கட்டுப்பாட்டை வேண்டி நின்றன. 1887 முதல் புகையிரதங்களை மேற்பார்வை செய்துவந்த மாநிலங்களிடை வர்த்தக ஆணைக்குழுவிடம், லொறிக் கட்டணம், சாரதியின் தகுதி, வேலை நேரம், வாகனத்தின் பாதுகாப்பு ஆகியவை ஒப்படைக்கப்பட்டன. அவ்வாணைக்குழு வகுத்த விதிகளின்படி, 24 மணி நேரத்தில் 10 மணி நேரமே ஓட்டலாம். 8 மணி நேரம் ஓய்வு வேண்டும். ஏழு நாட்களுக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. தொழிற்சங்கங்கள் இதனிலும் குறைந்த நேரத்தையே கோரியிருந்தன. 1938இல் வந்த நியாய உழைப்புத் தராதரச் சட்டம் ஏனைய தொழிலாளர் பலருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவை உறுதிசெய்தபோது, ஆணைக்குழுவின் அதிகாரத்துக்குட்பட்ட சாரதிகளை அதற்குப் புறம்பாக்கியது. அவ்விலக்கு இன்றும் நீங்கவில்லை.

சட்டம் தராததை ஒப்பந்தம் தந்தது. 1938இல் டொப்ஸ் முதலானோரின் முயற்சியால் மத்திய மேற்குப் பகுதியின் பதினொரு மாநிலங்களுக்குப் பொதுவான நெடுந்தூரச் சாரதிகள் ஒப்பந்தம் கைகூடியது. இவர்களிடம் அமைப்பு வேலை பயின்ற ஜிம்மி ஹொஃபா, 1964இல் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேரை உள்ளடக்கிய தேசிய ஒப்பந்தத்தை வென்றெடுத்தார். பழுதுற்ற வாகனத்தை வீதிக்குக் கொண்டுசெல்ல மறுக்கும் உரிமையும் இத்தகைய ஒப்பந்தங்களில் இடம்பெற்றது. பிரேக் சரியில்லை என்று சொல்லிவிட்டு வேலையையும் தக்கவைத்துக்கொள்ள வல்லவனே பொறுப்புள்ள சாரதியாக இருக்க முடியும். மறுக்கும் உரிமை இல்லாதவனிடம் பொறுப்பைச் சுமத்துதல் பொய்யான அறம்.

இதனாற் சங்கம் மாசற்றிருந்தது என்பதில்லை. டொப்ஸ் முதலிய இடதுசாரிகள் 1941இல் ஸ்மித் சட்டத்தின்கீழ்த் தண்டிக்கப்பட்டனர். தலைமை ஊழல் மிக்கோர் கைக்குச் சென்றது. ஹொஃபாவும் 1967இற் சிறை புகுந்தார். தலைமையின் இவ்வீழ்ச்சி, பின்னாற் சாரதிகள் இழந்தவற்றுக்கு ஒரு காரணமாயிற்று எனலாம்.

1962இல் வேலை நேர விதி தளர்த்தப்பட்டது. 24 மணி நேரக் கணக்கு நீக்கப்பட்டமையால், பத்து மணி நேரம் ஓட்டி எட்டு மணி நேரம் ஓய்ந்தவன் உடனே மீண்டும் ஓட்டத் தொடங்கலாம். ஒரே நாளிற் பதினாறு மணி நேரம் ஓட்டுவதும் இவ்வாறு சட்டபூர்வமாயிற்று. 1980 ஜூலையில் ஜனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம் கட்டணக் கட்டுப்பாட்டைத் தகர்த்துத் தொழிலைச் சந்தையிடம் ஒப்படைத்தது. புதிய கம்பனிகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. சரக்குக் கூலி குறைந்தது. சங்கத்தின் பலம் சுருங்கியது. சாரதியின் மெய்யூதியம் வீழ்ந்தது. பொருளியல் அறிஞர் மைக்கேல் பெல்சர் 2000இல் வெளியிட்ட நூலில் இவ்வாகனங்களைச் சக்கரங்கள்மீது ஓடும் வியர்வைக் கூடங்கள் என்றே குறித்தார்.

இங்கு ஊதிய முறையை ஊன்றி நோக்குதல் வேண்டும். நெடுந்தூரச் சாரதியருட் பெரும்பாலோர் மைல் கணக்கிற் கூலி பெறுபவர். சக்கரம் சுழன்றாற்றான் வருமானம். பண்டசாலை வாயிலிற் காத்துக் கிடக்கும் மணித்தியாலங்களுக்குப் பலருக்குக் கூலியே இல்லை, அல்லது மிகச் சொற்பம். சரக்குச் சொந்தக்காரன் வீணாக்கும் நேரத்தைச் சாரதி தன் உறக்கத்திலிருந்தே மீட்க வேண்டியிருந்தது. வேலை நேரத்தைப் பதிவு செய்யும் குறிப்பேட்டைச் சாரதிகளே 'சித்திரக்கதைப் புத்தகம்' என்று எள்ளிநகையாடியதன் காரணம் இதுதான். சட்டம் கேட்ட கணக்கை ஏடு சொல்லிற்று. முதலாளி கேட்ட கணக்கை வண்டி ஓடிற்று.

அரசு வாளாவிருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன், சாதாரண மோட்டார் கார் அனுமதிப்பத்திரத்துடன் 36 தொன் நிறையுள்ள லொறியை ஓட்டுவதற்குப் பல மாநிலங்கள் இடமளித்தன. வெவ்வேறு மாநிலங்களிற் பல பத்திரங்களை வைத்துக்கொண்டு குற்றப் பதிவுகளைப் பங்கிட்டு மறைப்பதும் வழக்கமாயிருந்தது. அச்சட்டம் தனித் தேர்வையும், ஒருவருக்கு ஒரே பத்திரம் என்னும் விதியையும் நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது. இது மெய்யான முன்னேற்றமே. 2003இல் மாற்றப்பட்ட விதிகள் ஓய்வைப் பத்து மணி நேரமாக உயர்த்தின. ஆயினும் ஓட்டும் நேரத்தையும் பதினொரு மணியாக்கின. 2017 டிசம்பர் முதல் குறிப்பேட்டின் இடத்தை இலத்திரன் கருவி பெற்றது.

கருவி பொய்க் கணக்கைக் குறைத்தது. ஆனால் அதன் பின்னர் ஆய்வாளர் கண்டதோ வேறொன்று. வேலை நேர மீறல்கள் குறைய, சிறிய கம்பனிகளின் சாரதிகளிடத்து வேகமாய் ஓட்டும் குற்றம் மிகுந்தது. வியப்பதற்கொன்றுமில்லை. மணிக்கூடு இறுக்கமாயிற்று; கூலியோ மைலுக்கே தொடர்ந்தது. அன்று உறக்கத்திலிருந்து திருடப்பட்ட நேரம், இன்று வேகத்திலிருந்து பிழியப்படுகிறது. நோயின் வேரை விட்டு அதன் குறியை மட்டும் அளக்கும் கருவி, எத்துணை நுட்பமானதாயினும், காவலன் ஆவானேயன்றி மருத்துவன் ஆகான்.

சர்வதேசத் தொழில் தாபனம் 1939இலும் 1979இலும் வீதிப் போக்குவரத்து வேலை நேரம் குறித்துச் சமவாயங்களை இயற்றியது. பின்னையது தொடர்ந்து ஓட்டுவதை நான்கு மணி நேரத்துக்கும், நாளொன்றின் ஓட்டத்தை ஒன்பது மணி நேரத்துக்கும் வரையறுத்தது. மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பது உலகறியாத இரகசியமன்று. அறிந்ததை நடைமுறைப்படுத்தும் சமூக வலுவே வேண்டப்படுவது.

சாரதியின் தனிப்பட்ட கடமையை நாம் மறுக்கவில்லை. மதுவருந்தி ஓட்டுபவனுக்கும், வண்டியைச் சோதியாது புறப்படுபவனுக்கும் வரலாறு மன்னிப்புச் சீட்டாகாது. ஆயின் நேர்மை வேரூன்றுவதற்கு மண் வேண்டும். காத்திருப்புக்கும் கூலி, மறுப்பதற்கு உரிமை, உறங்குவதற்கு நேரம், இவற்றைக் காக்க உயிருள்ள ஒரு சங்கம் ஆகியவையே அம்மண். மாணவருக்கு வீதி ஒழுங்கைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனையும் உடன்கூட்டிக் கற்பித்தல் தகும். ஒரு சமூகம் தன் சாரதிகளுக்கு எத்துணை ஓய்வை வழங்குகிறதோ, அத்துணைப் பாதுகாப்பையே தன் வீதிகளில் எதிர்பார்க்க அதற்கு உரிமையுண்டு.