எப்ப பார்த்தாலும் அதே ஜாக்கி சான்!

திருப்பூரில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்றால் காலை எட்டரைக்குப் போய், ராத்திரி எட்டு எட்டரைக்குத் திரும்புவது. அப்பா கட்டிங்கில், அம்மா செக்கிங்கில். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு லைன் வீட்டுக்கு வரும் பொடிசை யார் பார்த்துக்கொள்வது?

2006-ல் தி.மு.க. அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. 2007 ஏப்ரலில் சன் குழுமம் சுட்டி டி.வி.யைத் தொடங்கியது. பெட்டி வந்தது, பெட்டிக்குள் ஆயாவும் வந்தாள்!

1995-லேயே இந்தியாவுக்கு வந்த கார்ட்டூன் நெட்வொர்க்கும் பின்னால் தமிழ் பேசியதுதான். ஆனால் சுட்டியின் ஆரம்பகாலத் தமிழே வேற. ஜாக்கி சான் கார்ட்டூனில் மந்திரம் தெரிந்த அந்தக் கிழவனார், நம்ம தெருப் பெரியவர் மாதிரியே சிடுசிடுப்பார். படம் அமெரிக்காவுடையது, பேச்சு நம்முடையது. டோரா கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் காத்திருப்பாள். வீட்டில் அப்படிக் கேட்க வேறு ஆள் எட்டரைக்குத்தானே வருவார்?

சரிவு எங்கே? கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை வந்த ஜாக்கி சான் தொடர் மொத்தமே 95 எபிசோடு. தினம் ஒன்று போட்டால் மூணே கால் மாசம். பிறகு? முதலிலிருந்து! புதுசு வாங்கக் காசு. அதை நன்றாகத் தமிழ் பேசவைக்க இன்னும் காசு. பெரிய விளம்பரமெல்லாம் சீரியல் பக்கம் போய்விடும். பின்னால் வந்த பல தொடர்களில் டப்பிங் வெறும் மொழிபெயர்ப்பாகச் சுருங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

2016-ல் ஜியோ வந்தது. அம்மாவின் பழைய போன் பொடிசு கைக்குப் போயிற்று. அதில் யாரும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. அடுத்த வீடியோ தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது.