சார்ஜர் முதுகில் ஒரு சரித்திரம்

ஒரு நிமிஷம். உங்கள் செல்போன் சார்ஜரைக் கையில் எடுத்து, திருப்பிப் பாருங்கள். எறும்பு சைஸ் எழுத்தில் 'இன்புட் 100-240 வோல்ட்' என்று இருக்கும். இன்னும் துழாவினால் பெரும்பாலும் ரோமன் எண்ணில் ஓர் ஐந்தோ ஆறோ தனியாக நிற்கும்.

அதென்ன 100-லிருந்து 240? ஒரே நம்பராகச் சொன்னால் ஆகாதா?

ஆகாது. அது நூறு வருஷத்துக்கும் மேலாகத் தீராத பஞ்சாயத்து. 1882-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின் நிலையம் திறந்த எடிசன், தன் பல்புக்குத் தோதாக சுமார் 110 வோல்ட் கொடுத்தார். அமெரிக்கா அதே ரூட்டில் போய்விட்டது. 1899-ல் பெர்லின் மின்சாரக் கம்பெனி ஒரு கணக்குப் போட்டது. வோல்ட்டேஜை இரட்டிப்பாக்கினால் பாதிக் கரண்ட் போதும். கம்பி மெலிதாகும், செம்பு மிச்சம். வாடிக்கையாளர்களின் சாமான்களை மாற்றித் தரும் செலவை அந்த மிச்சத்திலேயே சரிக்கட்டலாம். மாறியது 220-க்கு. ஐரோப்பாவும் பின்னாலேயே போனது. இன்று இந்தியாவில் 230. ஜப்பானில் 100. யாரும் யாருக்காகவும் இறங்கி வரவில்லை.

பழைய அடாப்டர்கள் ஞாபகம் இருக்கிறதா? உள்ளே இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். கல்லு மாதிரி கனக்கும். ஒரு வோல்ட்டேஜுக்குத்தான் பழக்கம். அமெரிக்காவில் வாங்கியதை இங்கே செருகினால் புகைதான். அதைவிட மோசம், பிளக்கில் சும்மா கிடந்தாலும் சுடும். சூடு என்றால் மின்சாரம். மின்சாரம் என்றால் காசு.

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு கணக்கு. சும்மா கிடக்கும் அடாப்டர் 2 வாட் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். பெருக்கினால் பதினேழரை யூனிட். ஒரு வீட்டுக்கு அற்பம். ஒரு கோடி அடாப்டருக்கு? பதினேழரைக் கோடி யூனிட். ஒரு போன்கூட சார்ஜ் ஆகாமல்!

இந்தத் திருட்டை ஊருக்கு உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தின் ஆலன் மெய்யர். சும்மா இருக்கும் சாதனம் ஒரு வாட்டுக்கு மேல் தொடக்கூடாது என்றார், 1990-களின் கடைசியில். 2001-ல் அதிபர் புஷ், அரசாங்கம் வாங்கும் சாமான்களில் முடிந்தவரை அந்த ஒரு வாட்டைக் கடைப்பிடிக்கச் சொல்லி உத்தரவு போட்டார்.

அப்புறம் வந்ததுதான் அந்த ரோமன் எண். எண் ஏற ஏறக் கண்டிப்பும் ஏறும். ஐந்து என்றால், உங்கள் கையிலிருப்பது போன்ற சின்ன சார்ஜர் சும்மா இருக்கையில் 0.3 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஆறு என்றால் 0.1 வாட். 2016 பிப்ரவரியிலிருந்து அமெரிக்காவில் ஆறு கட்டாயம். நம் கணக்குப்படி வருஷத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது!

இரும்பு டிரான்ஸ்ஃபார்மரால் இதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. நொடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும் 'சுவிட்ச் மோட்' சர்க்யூட், குட்டி அடாப்டர்களிலும் இடம் பிடித்தது. சரியாக வடிவமைத்தால் அதற்கு 100-ம் ஒன்று, 240-ம் ஒன்று.

ஆக, எடிசனும் பெர்லினும் விட்டுவைத்த சண்டையை, அரசாங்கங்கள் அல்ல, உங்கள் உள்ளங்கையில் இருக்கும் டப்பா சமாளித்துவிட்டது. வெளிநாடு போனால் பிளக்கின் கால்களை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். அந்தப் பஞ்சாயத்து இன்னும் பாக்கி!