நொக்ஸ் உண்ட இலையும் மறதிநோயும்

அல்சைமர் எனப்படும் மறதிநோய்க்குக் கஞ்சா மருந்தாகலாம் என்னும் பேச்சு அண்மைக்காலத்திற் பரவி வருகின்றது. பிள்ளைகள் கடல் கடந்துவிட, முதியோர் தனித்து வாழும் இல்லங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல. ஆதலின் இப்பேச்சினைப் புறக்கணித்தல் எளிதன்று. நம் முன்னோர் இதனை அன்றே அறிந்திருந்தனர் என்பாரும் உளர். அக்கூற்றுக்கு இலங்கை வரலாறு இடந்தருகின்றதா?

1660 இல் கொட்டியாரத்திற் சிறைப்பட்ட ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தார். 1679 இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிவந்து, கொழும்பு வழியாகத் தாயகம் மீண்டார். அழுக்கு நீரைக் குடித்துக் கடுங்காய்ச்சலுற்றமையையும், ‘பங்கா’ என்னும் உலர்ந்த இலையைப் பொடித்து வெல்லத்துடன் காலையும் மாலையும் வெறுவயிற்றில் உண்டமையையும் 1681 இல் வெளிவந்த தமது நூலில் அவர் விவரிக்கின்றார். அது தலையைக் கிறுகிறுக்கச் செய்ததையும் அவர் மறைத்தாரல்லர். எவ்வாறாயினும் அவர் உண்டது காய்ச்சலுக்கே, ஞாபகசக்திக்கன்று.

நொக்ஸின் வாயிலாக இவ்விலையை அறிந்த விஞ்ஞானி றொபேட் ஹூக், 1689 டிசெம்பர் 18 இல் இலண்டன் றோயல் சங்கத்தில் அதுபற்றி உரையாற்றினார். உண்டவன் சிரிப்பான், பாடுவான், பின் உறங்குவான், விழித்ததும் பசியெடுக்கும், மயக்கத்தில் நிகழ்ந்தது எதுவும் நினைவிராது. இங்ஙனங் கூறிய ஹூக்கே, சித்தப்பிரமைக்கும் தலை, வயிறு சார்ந்த பிணிகட்கும் இது பயன்படக்கூடும் என்றும் கருதினார். நினைவை அழிப்பதாகப் பதிவான இலையே இன்று நினைவிழந்தோர்க்கு மருந்தாகத் தேடப்படுகின்றது என்பது விந்தையே!

இத்தேடலுக்கு ஆதாரம் இல்லாமலில்லை. கஞ்சாவில் மயக்கந்தரும் கூறான டி.எச்.சி.யை 1964 இல் இஸ்ரேலிய ஆய்வாளர் மெக்கூலமும் கயோனியும் பிரித்தெடுத்தனர். நினைவுக்கு இன்றியமையாத அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியத்தை அது தடுக்கின்றது என்றும், மூளையிற் படியும் அமிலோயிட் புரதம் திரள்வதைக் குறைக்கின்றது என்றும் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தினர் 2006 இல் அறிவித்தனர். ஆயின் அவை சோதனைக்குழாயிற் பெறப்பட்ட முடிவுகள். 2015 இல் வெளியான நெதர்லாந்துச் சோதனையில், மறதிநோயாளர் 50 பேருள் ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு மூன்று முறை 1.5 மில்லிகிராம் டி.எச்.சி. வழங்கப்பட்டது. மூன்று வாரங்களின் பின்னர், போலிமாத்திரை உண்டோரைவிட அவர்தம் மனக்கொந்தளிப்புத் தணிந்திருக்கவில்லை. டி.எச்.சி.யை ஒத்த செயற்கை மருந்தான நபிலோனை, நாற்பதுக்குக் குறைவான அல்சைமர் நோயாளரிடம் கனடாவிற் பரீட்சித்தபோது (2019) கொந்தளிப்புத் தணிந்தது. இரவு பகலாக அருகிருந்து பராமரிப்போர்க்கு அதுவே பேருதவி. ஆயினும் தூக்கக்கலக்கம் மிகுந்தது. நோயை மாற்றுவது அச்சோதனையின் நோக்கமாகவும் இருக்கவில்லை.