ஷாங்காய் வணிகர்கள் விதித்த கெடு

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் பார்த்தவன் நான். 1905இல் ஷாங்காய் வணிகர்கள் அமெரிக்காவுக்கே கெடு விதித்த கதையைப் படித்ததும், அவர்களுடைய குடோன்களைத்தான் முதலில் நினைத்தேன்.

சீனத் தொழிலாளர்கள் வரக்கூடாதென்று அமெரிக்கா 1882இல் சட்டம் போட்டது. வணிகர், மாணவர், பயணி ஆகியோருக்கு விலக்கு உண்டு. ஆனாலும் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் அவர்களையும் கொட்டகையில் அடைத்து விசாரித்தார்கள். 1903இல் பாஸ்டனில் சீனர் குடியிருப்பை வளைத்து 200க்கும் மேற்பட்டோரைப் பிடித்துப்போனார்கள். இரு நாடுகளுக்கும் இடையிலான 1894ஆம் ஆண்டுக் குடியேற்ற ஒப்பந்தம் 1904 இறுதியில் காலாவதியானது. பழைய கெடுபிடியோடு அதைப் புதுப்பிக்க வாஷிங்டன் விரும்பியது. எதிர்க்கும் படைபலம் சீன அரசிடம் இல்லை. ஆனால் அமெரிக்கத் துணி, மண்ணெண்ணெய், கோதுமை மாவு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் சீன வியாபாரிகள்.

1905 மே 10 அன்று ஷாங்காய் வணிகர் சங்கம் கூடியது. முன்நின்றவர் ஸெங் ஜூ. இரண்டு மாதத்தில் விதிகளைத் திருத்தாவிட்டால் அமெரிக்கச் சரக்கைத் தொடமாட்டோம் என்று தீர்மானித்து, மற்ற நகரங்களுக்கும் தந்தியடித்தார்கள். ஜூன் மாதமே அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இறங்கிவந்தார். சீன வணிகரையோ மாணவரையோ பயணியையோ அவமதிக்கும் அதிகாரிக்கு வேலை போகும் என்று உத்தரவிட்டார். தொழிலாளிக்கு அந்த உத்தரவில் இடமில்லை. என் மனம் ஆறாத இடம் இதுதான்.

சட்டம் மாறாததால் ஜூலை 20 அன்று புறக்கணிப்பு தொடங்கியது. புது ஆர்டரை நிறுத்துவது சுலபம். பணம் கட்டி இறக்கிய பேல்களை விற்காமல் வைத்திருந்தால் வட்டியே வியாபாரியைத் தின்றுவிடும். பிளவும் அங்கேதான் விழுந்தது. கையிருப்பை விற்க விடுங்கள் என்றார்கள் துணி வியாபாரிகள். அமெரிக்கச் சரக்கை யாரும் பயன்படுத்தவே கூடாது என்றார்கள் மாணவர்கள். அந்த வியாபாரிகளைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகஸ்ட் 31இல் புறக்கணிப்பை அடக்கச் சொல்லிச் சீனப் பேரரசின் ஆணையும் வந்தது, ஷாங்காய் தணிந்தது.

தெற்கே கான்டன் நகரம் தணியவில்லை. அமெரிக்கா போன கூலிகளில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். செப்டம்பரில் ரூஸ்வெல்ட்டின் மகள் ஆலிஸ் அங்கே வந்தபோது, ஆமைகள் அவரைப் பல்லக்கில் சுமப்பதுபோல் சுவரொட்டி ஒட்டினார்கள். ஆமை என்பது அங்கே கடும் வசை. பல்லக்குத் தூக்குகிறவர்கள் அவரைச் சுமக்கக்கூடாது என்பதற்கான எச்சரிக்கை அது. அங்கே போராட்டம் 1906 வரை நீண்டது.

புதிய ஒப்பந்தம் கடைசிவரை கையெழுத்தாகவில்லை. இரண்டாம் உலகப் போரில் சீனா கூட்டாளியான பிறகு, 1943இல்தான் அந்தத் தடைச் சட்டத்தை நீக்கினார்கள். அப்போதும் ஆண்டுக்கு 105 சீனர்களுக்குத்தான் அனுமதி.