பரண்மேல் காக்காப்பொன்

எங்கள் வீட்டுக் கூரையில் மட்டும் பனி நிற்காது. டென்வருக்கு மேற்கே, ராக்கி மலையின் அடிவாரத்தில் இருக்கிறோம். ராத்திரி முழுக்கப் பனி கொட்டும். காலையில் பார்த்தால் தெருவில் எல்லா வீட்டுக்கும் தலையில் வெள்ளைத் துண்டு போட்ட மாதிரி இருக்கும். நம்ம வீடு மட்டும் மத்தியானத்துக்குள் மொட்டை. வெயில் படாத வடக்குப் பக்கம்கூட அப்படித்தான். கூரை ஓரத்தில் மட்டும் ஈட்டி ஈட்டியாக ஐஸ் தொங்கும். ரொம்ப நாள் இதை ஏதோ நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாதான் கண்டுபிடித்தார். இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் ஒரு சால்வை, காலில் என்னுடைய சாக்ஸ். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக் கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்பா நைனா, நீ காசு குடுத்து ஆகாசத்துக்கு இல்ல அடுப்பு மூட்டற?"

நான் படித்த என்ஜினியரிங் எல்லாம் அந்த ஒரு வரியில் காலி :-)

விஷயம் அவ்வளவுதான். ஹீட்டர் போடுகிற சூடு கூரை வழியாக வெளியே போகிறது, போகிற வழியில் பனியை உருக்குகிறது. பரணில் வெப்பத்தடுப்பு போதவில்லை. இந்த ஊர்க் குளிருக்கு ஆர்-49 அளவாவது வேண்டும் என்கிறார்கள். (ஆர் என்பது வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்கிற அளவு. எண் ஏற ஏற நல்லது.) எங்கள் வீடு 1950களில் கட்டியது. அதில் ஆர் எவ்வளவு என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

வேலைக்காரர் ஒருவரை வரவழைத்தேன். வண்டியில் ஒரு மெஷின், அதிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். பழைய நியூஸ் பேப்பரை அரைத்துத் தீப்பிடிக்காமல் இருக்க மருந்து கலந்த பஞ்சைப் பரணில் ஊதி நிரப்புவார்கள். அரை நாள் வேலை. மனிதர் நெற்றியில் விளக்கோடு ஏணியில் ஏறினார். இரண்டே நிமிஷத்தில் இறங்கினார். மூடியை இழுத்துச் சாத்தினார். போனில் எடுத்த படத்தைக் காட்டினார்.

பொன் நிறத்தில், பழுப்பில், பொடிப்பொடியாக மின்னும் கற்கள். "இது இருக்கும்வரை நாங்கள் கை வைக்க மாட்டோம். நீங்களும் மேலே போகாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, குழாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தங்கமணியின் முகம் வெளுத்துவிட்டது. காரணம் அந்த வேலைக்காரருக்குத் தெரியாது. எங்கள் கொலு பொம்மைப் பெட்டிகள் அந்தப் பரணில்தான் இருந்தன. வருஷா வருஷம் அவற்றை இறக்க நானும் மகளும் ஏறுவோம். கொலுப்படிக்குக் கீழே பார்க் கட்டுவோம் இல்லையா, அதில் பாதை போட அவள் ஒரு டப்பா நிறைய அந்தக் கல்லை அள்ளி வந்தாள். "அப்பா, கோல்டு!" என்றாள். "கோல்டு இல்லம்மா, காக்காப்பொன்" என்று நானும் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு நவராத்திரிக்கு அதே டப்பா.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி. வெதுருகுப்பம் எங்கே இருக்கிறது என்பவர்களுக்கு: திருப்பதிப் பக்கம், சித்தூர் ஜில்லா. 1911இல் அந்த ஜில்லா பிறக்கும்வரை நாங்களெல்லாம் வட ஆற்காடு. ஊர்ப் பேர் தெலுங்கு (வெதுரு என்றால் மூங்கில்), வீட்டில் பேசுவது தமிழ், திட்டுவது இரண்டிலும். பாட்டி வீட்டுக்கு முழங்கை நீளத்துக்கு மண் சுவர். கூரை கரும்புச் சோகை. மே மாத மத்தியானம் வெளியே செருப்பில்லாமல் நிற்க முடியாது, உள்ளே நுழைந்தால் பானைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். வெப்பத்தடுப்பு என்கிற வார்த்தையெல்லாம் பாட்டிக்குத் தெரியாது. சோகைக்கு நடுவே சிக்கிக்கொண்ட காற்று அசையாது, அசையாத காற்று சூட்டைக் கடத்தாது. அம்மாவின் இரண்டு ஸ்வெட்டர் செய்வதும் இதைத்தான். சூட்டை வெளியே நிறுத்துவதும் உள்ளே நிறுத்துவதும் ஒரே வேலை.

இதை வைத்து ஒருத்தர் மெட்ராஸில் வியாபாரமே செய்தார். பாஸ்டன்காரர் பிரெடரிக் டியூடர். அமெரிக்கக் குளங்களில் குளிர்காலத்தில் உறைகிற பனியை வெட்டி, மரத்தூளில் புதைத்து, கப்பலேற்றி விற்றவர். 1833இல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல் போனது. சுமார் 180 டன் ஏற்றி, நாலு மாசம் வெயிலில் கடல் கடந்த பிறகும் 100 டன் அளவுக்கு மிச்சம் இருந்ததாம்! மெரினா எதிரே 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் அந்தச் சரக்கை வைக்கத்தான். பின்னாளில் ஐஸ் மெஷின் வந்து வியாபாரம் படுத்தது, கட்டடம் கைமாறியது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்க, இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம். உள்ளே போகிறவர்களில் எத்தனை பேருக்கு மரத்தூள் ஞாபகம் வரும் என்று தெரியவில்லை.

அமெரிக்க வீடுகளிலும் வெகுநாள் இந்த மரத்தூள், வைக்கோல், பழைய பேப்பர்தான். 1932இல் டேல் கிளைஸ்ட் என்கிற இளைஞர் ஓவன்ஸ்-இல்லினாய் கண்ணாடிக் கம்பெனியில் கண்ணாடிக் கட்டிகளை ஒட்டப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உருகிய கண்ணாடியில் காற்று வேகமாக அடித்து, பஞ்சுமிட்டாய் மாதிரி இழை இழையாகப் பறந்ததாம். அதுதான் கண்ணாடிப் பஞ்சு. 1938இல் அதற்கென்றே ஓவன்ஸ்-கார்னிங் கம்பெனி பிறந்தது. ரோஜா நிறத்தில் கடைகளில் சுருட்டி வைத்திருப்பார்களே, அதேதான்.

எங்கள் பரணில் இருந்தது வேறு ஜாதி. வெர்மிகுலைட். அபிரகம் மாதிரி தகடு தகடாக இருக்கும் கல். நடுவே தண்ணீர் மாட்டிக்கொண்டிருக்கும். சட்டென்று சூடு காட்டினால் தண்ணீர் ஆவியாகித் தகடுகளைப் பிளந்து, புழு மாதிரி நெளிந்து பல மடங்கு உப்பும். அந்தப் பேரே லத்தீன் புழுவிலிருந்து வந்தது. நமக்குப் புழு எதற்கு? மணல் சட்டியில் அரிசி பொரிகிறதே, அதே சங்கதி. பொரியில் இருப்பது போல உள்ளே முழுக்கக் காற்று. எரியாது, எலி தின்னாது, மூட்டையை வாங்கி நாமே பரணில் கொட்டி வாரிக்கோலால் பரப்பிவிடலாம்.

அந்தக் கல்லின் தலைநகரம் மொன்டானா மாநிலத்தில், மலைக்காட்டுக்குள் இருக்கும் லிபி என்கிற சின்ன ஊர். தங்கம் தேடிப் போனவர்கள் 1881இல் கண்டது. 1920களில் ஸோனோலைட் என்ற பேரில் கம்பெனி வந்தது. 1963இல் டபிள்யூ. ஆர். கிரேஸ் அதை வாங்கியது. 1919இலிருந்து 1990 வரை அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட்டில் 70 சதவீதத்துக்கு மேல் இந்த ஒரே மலையிலிருந்து வந்தது. ரயிலில் ஏறிப் பல ஊர்களுக்குப் போய் அங்கங்கே பொரிந்தது. டென்வரிலும் ஒரு ஆலை இருந்தது. 1973இல் எண்ணெய் விலை எகிறியதும் மூட்டைகளுக்கு யோகம். 1978இல் வீட்டுக்கு வெப்பத்தடுப்பு போட்டால் வரிச்சலுகை என்று சட்டமே வந்தது. சிக்கனமான குடும்பஸ்தர்கள் பரண் ஏறினார்கள்.

வெர்மிகுலைட் தன்னளவில் விஷமில்லை. லிபி மலையில் அதோடு கல்நார் கலந்திருந்தது. ஆஸ்பெஸ்டாஸ். கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான இழை. மூச்சில் போனால் நுரையீரலில் குத்தி உட்கார்ந்துகொள்ளும். பத்து, இருபது, நாற்பது வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

இதில் எனக்கு ஆத்திரம் வந்த இடம் ஒன்று உண்டு. மாநில சுகாதார அதிகாரிகள் 1956லேயே சுரங்க ஆலையைப் பார்த்துவிட்டுத் தூசியில் கல்நார் இருக்கிறது, ஆபத்து என்று அறிக்கை எழுதியிருக்கிறார்கள். அறிக்கை கம்பெனிக்குப் போனது. தொழிலாளிக்குப் போகவில்லை. அவர்கள் சட்டை முழுக்கத் தூசியோடு வீட்டுக்குப் போனார்கள். பிள்ளைகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டன, மனைவிமார் சட்டையை உதறித் துவைத்தார்கள். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயப் பாதையில் சுரங்கக் கழிவைக் கொட்டினார்கள். பேஸ்பால் மைதானத்துக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்ததில் பிள்ளைகள் குதித்து விளையாடின. கேலா பெனிஃபீல்டு என்கிற அம்மா, சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவையும், சுரங்கத்துக்குள் காலே வைக்காத அம்மாவையும் இந்த நோய்க்குக் கொடுத்தவர். அவர் வருஷக்கணக்கில் கத்தியதை ஊரிலேயே பலர் ரசிக்கவில்லை. வேலை கொடுத்த கம்பெனி ஆயிற்றே. சுரங்கம் 1990இல் மூடியது. 1999 நவம்பரில் சியாட்டில் பத்திரிகை ஒன்று விஷயத்தை உடைத்தது. அப்புறம்தான் மத்திய அரசு ஆட்கள் ஓடி வந்தார்கள். இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில்.

2009 மே மாதம் கிரிமினல் வழக்கில் கம்பெனியும் அதிகாரிகளும் விடுதலை. அடுத்த மாதமே லிபியில் பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் அதுதான் முதல் முறை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

அந்தப் பேஸ்பால் மைதானமும் எங்கள் கொலு பார்க்கும் ஒரே மலைக் கல்லா? பரிசோதனைக்கு அனுப்பினோம். கல்நார் கொஞ்சம் இருந்தது. இரண்டு முறை டப்பாவில் அள்ளியதற்கு ஆபத்து மிகமிகக் குறைவு என்றார் டாக்டர். நம்புகிறேன். தங்கமணி பாதி நம்புகிறார். மகளுக்கு முப்பது வயதானாலும் அவள் இருமினால் நாங்கள் இருவரும் திரும்பிப் பார்ப்போம், அது உறுதி.

தொடாமல் விட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும் என்பதுதான் அரசு ஆலோசனையும். ஆனால் தொடாமல் விட்டால் குளிர். கடைசியில் அகற்றுவதற்கென்றே உரிமம் உள்ளவர்கள் வந்தார்கள். வீட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, விண்வெளி வீரர் உடுப்பில் ஏறி உறிஞ்சி எடுத்தார்கள். கொலு அட்டைப்பெட்டிகள் குப்பைக்குப் போயின, பொம்மைகளை ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார்கள். கிரேஸ் திவாலாகி 2014இல் மீண்டபோது ஸோனோலைட் வீடுகளுக்காக ஒரு அறக்கட்டளை ஏற்பட்டது. செலவில் ஒரு பகுதி அங்கிருந்து வரும். இங்கே பழைய வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள், பரணில் கல் மின்னினால் அந்த ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கு முன்னால் மூடியைச் சாத்திவிட்டு இறங்கிவிடுங்கள்.

அந்தக் கல் நம் பக்கத்திலும் உண்டு. திருப்பத்தூர் அருகே சேவாத்தூரில் தமிழ்நாடு அரசு நிறுவனமே வெர்மிகுலைட் வெட்டியிருக்கிறது. கல்நார் இன்னும் பக்கம்: கடப்பா ஜில்லா புலிவெந்துலாவில் சுரங்கங்கள் இருந்தன. 1986இலிருந்து இந்தியாவில் கல்நாருக்குப் புதுக் குத்தகை கிடையாது. வெட்டுவதை நிறுத்திக்கொண்டு வெளிநாட்டிலிருந்து கப்பல் கப்பலாக வாங்குகிறோம்.

எதற்கு? சிமென்ட் ஷீட்டுக்கு. பாட்டி வீட்டுச் சோகைக் கூரை தீக்குப் பயந்து இறங்கியபோது மேலே ஏறியது அதுதான். வெப்பத்தைத் துளிகூடத் தடுக்காது, மே மாதம் உள்ளே தோசை சுடலாம். அப்புறம் வீடு தளம் போட்டுவிட்டார்கள், ஷீட்டுகள் மாட்டுக்கொட்டகைக்கு நகர்ந்தன.

போன மாதம் தம்பியிடம் பேசினேன். பழைய ஷீட்டில் விரிசல் விட்டிருக்கிறது, உடைத்துக் கொல்லைப் பாதைப் பள்ளத்தில் கொட்டப்போகிறேன் என்றான். உடைக்காதே, நனைத்துவிட்டு முழுசாகக் கழற்று, அறுக்காதே, ஓட்டை போடாதே, முகத்தில் நல்ல மாஸ்க் போடு, பிள்ளைகளைக் கிட்டே விடாதே என்று மூச்சுவிடாமல் சொன்னேன். லிபி கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணா. அங்க அதை எடுக்கக் காசு குடுக்கறாங்க. இங்க யாரு குடுப்பா?" என்றான்.

என்னிடம் பதில் இல்லை. ஷீட்டுகளை முழுசாகத்தான் இறக்கியிருக்கிறான். கிணற்றடியில் தார்ப்பாய் போட்டு மூடி அடுக்கி வைத்திருக்கிறான். கொட்டகைக்கு இப்போதைக்குக் கரும்புச் சோகை.

எங்கள் கூரையில் நேற்றுப் பெய்த பனி இன்னும் நிற்கிறது. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.